ஹாங்காங் கடலடிச் சுரங்கச் சாலை: போட்ட பணத்தை எடுத்த பின்னும் சுங்கம் ஏன்?

கேள்வி: பொருநைக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். அலுவல் காரணமாக ஒரு மாதம் ஹாங்காங்கில் தங்கியிருந்து, சென்ற வாரம்தான் ஊர் திரும்பினேன். அங்கே ஒரு நாள் மாலை, கவ்லூன் பக்கத்தில் உள்ள சிம் ஷா சுயியிலிருந்து துறைமுகத்தின் மறுகரையில், ஹாங்காங் தீவுப் பக்கத்தில் உள்ள வான் சாய்க்கு டாக்சியில் சென்றேன். இறங்கும்போது மீட்டர் காட்டிய தொகைக்கு மேல் சுரங்கச் சுங்கமாக 50 ஹாங்காங் டாலர் சேர்த்துத் தருமாறு ஓட்டுநர் கேட்டார். கொடுத்துவிட்டேன். டாக்சிக்கு ஒரு முறை கடக்க 25 டாலர்தான் சுங்கம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அதை அலுவலகத்தில் சொன்னபோது பேச்சு வேறு திசையில் சென்றது. ஹங் ஹாமுக்கும் காஸ்வே பேக்கும் இடையே உள்ள அந்தச் சுரங்கம் 1972-இல் திறக்கப்பட்டது என்றும், கட்டிய நிறுவனம் போட்ட பணத்தை எடுத்துவிட்டு எப்போதோ விலகிவிட்டது என்றும், இப்போது அது அரசின் சொத்து என்றும் உடன் பணிபுரிபவர்கள் கூறினர். அப்படியானால் சுங்கம் குறைந்திருக்க வேண்டும்; அவர்கள் சொன்ன கணக்குப்படி அது பல மடங்கு ஏறியிருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்தும் வசூல் நிற்கவில்லை என்ற முணுமுணுப்பு நம் ஊர் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளிலும் கேட்டுப் பழகியதுதான் என்றாலும், ஹாங்காங் போன்ற நகரத்தில் அதற்கு எழுத்தில் ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்தச் சுரங்கத்தின் வரலாற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: கவ்லூன் கணக்கர்

வணக்கம் ஐயா. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே வசிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் டாக்சி விவகாரத்தை முடித்துவிடலாம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. துறைமுகத்தின் ஒரு கரையில் தொழில் செய்யும் ஓட்டுநர் உங்களை மறுகரையில் இறக்கிவிட்டுத் தம் கரைக்குத் திரும்ப வேண்டும் என்று கருதி, திரும்பும் சுங்கத்தையும் பயணியிடமே வாங்கிக்கொள்ள விதி இடம் தருகிறது. துறைமுகம் கடப்பதற்கென்றே தனி டாக்சி நிறுத்தங்கள் உள்ளன. மறுகரையிலிருந்து வந்து, திரும்பிப் போகக் காத்திருக்கும் வண்டிகள் அங்கே நிற்கும். அங்கே ஏறினால் ஒரு சுங்கம் மட்டுமே. ஹாங்காங்கில் புதிதாகக் குடியேறும் எவரும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது. நான் மூன்று முறை இரட்டைச் சுங்கம் கொடுத்த பிறகே கற்றேன்.

இனி வரலாறு. 1972 வரை கவ்லூனுக்கும் தீவுக்கும் இடையே வண்டிகள் கடக்க நிலையான வழி ஒன்றுகூட இருக்கவில்லை. 1933 முதல் ஹாங்காங் யாவ்மாட்டி படகு நிறுவனம் வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகுகளை இயக்கி வந்தது. லாரிகளும் கார்களும் வரிசையில் காத்திருந்து ஏறின. புயல் எச்சரிக்கை உயர்ந்தால் படகு நின்றது, படகு நின்றால் நகரம் இரண்டாகப் பிரிந்தது. கடப்பதற்கான கட்டணம் என்பது அந்த நாளிலேயே நெருப்புப் போன்ற விஷயமாக இருந்தது. 1966-இல் ஸ்டார் ஃபெரி பயணிகள் படகில் முதல் வகுப்புக் கட்டணம் 20 காசிலிருந்து 25 காசாக உயர்வதை எதிர்த்து ஓர் இளைஞர் படகுத்துறையில் உண்ணாவிரதம் இருக்க, அது சில நாள்களில் கவ்லூன் தெருக்களில் கலவரமாக மூண்டது. ஐந்து காசுதான். சுரங்கச் சுங்கத்தைத் தொட ஒவ்வொரு அரசும் தயங்குவதற்கு இந்த நினைவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பாலமா, சுரங்கமா, எதுவுமே தேவையா என்ற விவாதம் ஐம்பதுகளிலிருந்தே நடந்தது. அரசு தன் பணத்தைப் போட ஆர்வம் காட்டாததால், தனியார் நிறுவனம் ஒன்று கட்டி, குறிப்பிட்ட ஆண்டுகள் நடத்தி, பின்னர் அரசிடம் ஒப்படைப்பது என்ற ஏற்பாடு உருவாயிற்று. இன்று உலகெங்கும் சாலைத் திட்டங்களில் பேசப்படும் பிஓடி முறைக்கு ஆசியாவில் இது மிக முந்திய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. கிராஸ் ஹார்பர் டனல் நிறுவனத்துக்கு 1969 செப்டம்பர் முதல் 30 ஆண்டு உரிமம் கிடைத்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு: 30 ஆண்டு என்பது திறப்பு நாளிலிருந்து அல்லாமல் உரிமம் தொடங்கிய நாளிலிருந்தே எண்ணப்பட்டதால், கட்டுமானத்தில் மிச்சப்படும் ஒவ்வொரு மாதமும் நிறுவனத்துக்குச் சுங்கம் வசூலிக்கும் ஒரு மாதமாகக் கூடியது. வேலை விரைவாக நடந்ததில் வியப்பில்லை. சுமார் 32 கோடி ஹாங்காங் டாலர் செலவில் 1972 ஆகஸ்ட் 2 அன்று சுரங்கம் திறக்கப்பட்டது.

சுரங்கம் என்றதும் பாறையைக் குடைந்ததாக நினைக்க வேண்டாம். கடல் தரையில் அகழி தோண்டி, கரையில் செய்த 15 எஃகுக் குழாய்த் துண்டுகளை இரு முனையும் அடைத்து மிதக்கவிட்டு இழுத்து வந்து, உரிய இடத்தில் அமிழ்த்தி, ஒன்றோடொன்று இணைத்து, மேலே மூடினார்கள். நீளம் ஏறத்தாழ 1.86 கிலோமீட்டர், இரட்டைக் குழாய், ஒவ்வொன்றிலும் இரண்டு தடங்கள். தீவுப் பக்க வாயில் அமைந்த கெல்லட் தீவு உண்மையிலேயே ஒரு சிறு தீவாக இருந்தது. அதைச் சுற்றிக் கடலைத் தூர்த்ததில் அது கரையோடு கலந்துவிட்டது.

திறந்தபோது காருக்குச் சுங்கம் 5 டாலர். வண்டிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பெருகி, எண்பதுகளின் தொடக்கத்திலேயே நெரிசல் அன்றாட வழக்கமாயிற்று. உங்கள் கேள்விக்கான விடை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1984-இல் அரசு நிறுவனத்தின் சுங்கத்துக்கு மேல் தனியாகக் கடப்பு வரி ஒன்றை விதித்தது. கார் ஓட்டுநர் கொடுக்கும் தொகை 10 டாலராக இரட்டிப்பானது; கூடுதல் 5 டாலர் அரசுக்குச் சென்றது. வருவாயும் ஒரு நோக்கமாக இருந்திருக்கலாம். ஆனால் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட காரணம் நெரிசலைக் குறைப்பது. ஆக, கட்டுமானச் செலவுக்கும் சுங்கத்துக்கும் இருந்த முடிச்சு, நிறுவனம் விலகுவதற்கு 15 ஆண்டுகள் முன்பே அவிழ்ந்துவிட்டது. 1999 ஆகஸ்ட் 31 அன்று உரிமம் முடிந்து சுரங்கம் அரசின் கைக்கு வந்த ஆண்டில், கார்ச் சுங்கம் 20 டாலராயிற்று. குறைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அடுத்து எழுதுபவர் யாராவது விளக்கட்டும். மற்ற இரண்டு சுரங்கங்களைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

மறுமொழி: சாலைத்தடம்

கணக்கர் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். போக்குவரத்துத் திட்டமிடல் என் தொழில். எனவே எண்கள் சற்றுக் கூடுதலாக வரும், பொறுத்துக்கொள்ளவும்.

துறைமுகத்துக்கு அடியில் இப்போது மூன்று சாலைச் சுரங்கங்கள் உள்ளன. நடுவில் இருப்பது 1972-ஆம் ஆண்டுச் சுரங்கம். அதை உள்ளூரார் ஹங் ஹாமின் பெயரால் சுருக்கி அழைப்பார்கள். 1989-இல் கிழக்குச் சுரங்கம் திறந்தது. மெட்ரோ ரயிலும் சாலையும் ஒரே கான்கிரீட் பெட்டிக்குள் பக்கம் பக்கமாகச் செல்லும் அமைப்பு அது. 1997 ஏப்ரல் இறுதியில், ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவின் கைக்கு மாறுவதற்கு இரண்டு மாதம் முன்பு, மேற்குச் சுரங்கம் திறந்தது. பக்கத்துக்கு மூன்று தடங்கள் கொண்ட முதல் துறைமுகச் சுரங்கம் அதுவே. மூன்றுமே 30 ஆண்டு உரிமத்தில் தனியார் கட்டியவை. உரிமம் முடியும் ஆண்டுகள் முறையே 1999, 2016, 2023. இந்த மூன்று ஆண்டுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால் சுங்க வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

கிழக்குச் சுரங்கம் 10 டாலரில் தொடங்கியது. நடுச் சுரங்கத்திலும் அப்போது 10 டாலர்தான் என்பதால், யாருக்கு எது அருகோ அதில் சென்றார்கள். பின்னர் அந்த நிறுவனம் உயர்வு கேட்டது, அரசு மறுத்தது, வழக்கு நடுவர் தீர்ப்புக்குச் சென்றது, நிறுவனம் வென்றது. 1998-இல் 15 டாலர். அதே கதை மீண்டும் நடந்து 2005-இல் 25 டாலர். நடுச் சுரங்கமோ 20 டாலரில் நின்றது. ஐந்து டாலர் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம்; நாளுக்கு இருமுறை கடப்பவருக்கு அது சிறிதன்று, அதுவும் மலிவான வழி நகரத்தின் நடுவே இருக்கும்போது.

மேற்குச் சுரங்கத்தின் கதை இன்னும் விசித்திரமானது. முதல் இரண்டு சுரங்கங்களில் உயர்வுக்கு அரசின் ஒப்புதலோ நடுவரின் தீர்ப்போ தேவைப்பட்டது. மேற்குச் சுரங்கச் சட்டத்திலோ, நிறுவனத்தின் நிகர வருவாய் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சென்றால் சுங்கம் தானாக உயரும் பொறிமுறை எழுதப்பட்டது. வண்டிகள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. வராததால் வருவாய் குறைந்தது. குறைந்ததால் உயர்த்தும் உரிமை கிடைத்தது. உயர்த்தியதால் வண்டிகள் நடுச் சுரங்கத்துக்கே ஓடின. சட்டப்படி வாங்கக்கூடிய உச்சத் தொகையை முழுமையாக வாங்கினால் ஒருவரும் வரமாட்டார்கள் என்பதால், நிறுவனமே தள்ளுபடி கொடுத்து வசூலித்தது. அந்தத் தள்ளுபடித் தொகையும் 1997-இல் இருந்த 30 டாலரிலிருந்து உரிமக் காலத்தின் இறுதியில் 75 டாலரை எட்டியிருந்தது.

விளைவை எண்ணில் சொல்கிறேன். நாளொன்றுக்கு 78,000 வண்டிகளுக்கென வடிவமைத்த நடுச் சுரங்கத்தில் சென்ற பத்தாண்டின் இறுதியில் 1,10,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் சென்றன. 1,18,000 வண்டிகளைத் தாங்கும் மேற்குச் சுரங்கத்தில் 70,000-ஐ ஒட்டியே சென்றன. கடலுக்கு அடியில் இடம் இருந்தது. 20 டாலருக்கும் 75 டாலருக்கும் உள்ள இடைவெளி அதைப் பூட்டி வைத்திருந்தது. பொருநைக்கரையான் அவர்கள் கேட்பது போலக் கடன் தீர்ந்தது என்று நடுச் சுரங்கத்தை இலவசமாக்கியிருந்தால், மூன்று சுரங்கங்களின் வண்டிகளும் ஒரே வாயிலில் வந்து நின்றிருக்கும். அந்த வரிசையில் சுரங்கத்தையே நாடாதவர்களும் சிக்குவார்கள். ஏனெனில் ஹங் ஹாம் நெரிசல் சுற்றியுள்ள தெருக்களுக்கும் வழியும்.

பொருநைக்கரையான்

இருவருக்கும் நன்றி. கடன் தீர்ந்த பின்னும் சுங்கம் தொடர்வதற்கான காரணம் ஓரளவு புரிகிறது. ஆயினும் முழு மனநிறைவு இல்லை. இடைவெளிதான் சிக்கல் என்றால், மேற்குச் சுரங்கத்தின் விலையைக் குறைத்திருக்கலாமே? அது அரசிடம் பணம் இல்லாத நகரம் அல்ல. நிறுவனத்துக்கு ஈட்டுத் தொகை கொடுத்தோ, விலைக்கே வாங்கியோ இருபது ஆண்டுகளுக்கு முன்பே முடித்திருக்கலாம். அதைச் செய்யாமல், வேறு வழியில்லாத மனிதர்களிடம் நெரிசலின் பெயரால் வசூலிப்பது நியாயமா என்பது என் அடுத்த கேள்வி.

மறுமொழி: கடப்பு வரி எதிர்ப்பாளன்

என் பெயரே என் கட்சியைச் சொல்லிவிடும். எனவே நேரடியாகச் சொல்கிறேன். சாலைத்தடம் அவர்கள் சொன்ன எண்கள் சரியானவை. ஆனால் அவற்றைச் சொல்லும்போது, அந்த இடைவெளியை உருவாக்கியது ஒப்பந்தத்தை எழுதிய அரசுதான் என்பது மறைந்துவிடுகிறது. இலாபம் குறைந்தால் தானாக விலை ஏறும் என்று சட்டத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு ஓட்டுநர்கள் மலிவான வழியில் குவிகிறார்கள் என்று வருந்துவதில் பொருளில்லை.

நீங்கள் கேட்ட மாற்று வழி முயலப்படாமல் இல்லை. 2019 ஜனவரியில் ஒரு திட்டம் சட்டமன்றத்துக்கு வந்தது: நடுச் சுரங்கத்தையும் கிழக்குச் சுரங்கத்தையும் 40 டாலராக உயர்த்துவது, மேற்குச் சுரங்கத்தில் ஓட்டுநர் கொடுப்பதை 50 டாலராகக் குறைத்து மீதியை நிறுவனத்துக்கு அரசு ஈடுகட்டுவது. கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் எதிர்த்ததால் அது திரும்பப் பெறப்பட்டது. நடுச் சுரங்கத்தில் செல்லும் ஓட்டுநர்களுக்கு அது இரட்டிப்பு உயர்வு. அதோடு பொதுப் பணம் தனியார் நிறுவனத்தின் கணக்குக்குச் செல்லும். இரண்டையும் ஒரே நாளில் விற்க எந்த அமைச்சராலும் முடியாது. உரிமம் முடிய நான்கரை ஆண்டே இருக்கும்போது எதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று நானும் அன்று கேட்டேன். இன்றும் அந்தக் கேள்வியைத் திரும்பப் பெறவில்லை.

விலை மட்டுமே காரணம் என்பதும் அரை உண்மைதான். மேற்குச் சுரங்கம் தீவில் வந்து ஏறும் இடம் நகரின் வணிக மையமான சென்ட்ரல் பகுதியின் நெரிசலுக்கு அருகில் இருக்கிறது. சுரங்கத்துக்குள் இடம் இருந்தாலும் வெளியே வந்ததும் போக வழியில்லை. சென்ட்ரல் முதல் வான் சாய் வரையிலான புறவழிச் சாலை 2019 தொடக்கத்தில் திறந்த பிறகே அந்தக் கழுத்து சற்று விரிந்தது. அதற்கு முன் மேற்குச் சுரங்கத்தை இலவசமாகவே திறந்துவிட்டிருந்தாலும் நெரிசல் கவ்லூனிலிருந்து சென்ட்ரலுக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவே.

ஒரு விஷயத்தில் மட்டும் அரசைப் பாராட்டுவேன். 2019 பிப்ரவரி முதல், உரிமம் பெற்ற பேருந்து நிறுவனங்களுக்கு அரசுச் சுரங்கங்களிலும் சாலைகளிலும் சுங்கம் விலக்கப்பட்டது. மிச்சமாகும் தொகை தனி நிதியில் சேர்ந்து, பேருந்துக் கட்டண உயர்வைத் தணிக்கப் பயன்படுகிறது. வேறு வழியில்லாத மனிதர்கள் என்று நீங்கள் சொல்பவர்களுள் பெரும்பாலோர் பேருந்தில்தான் கடக்கிறார்கள். தனிக் காரில் ஒருவராக அமர்ந்து செல்பவர்களும் டாக்சியில் செல்பவர்களும்தான் இப்போது சுங்கத்தை நேரடியாக உணர்கிறார்கள்.

மறுமொழி: கவ்லூன் கணக்கர்

எதிர்ப்பாளரோடு நான் ஒத்துப்போவது அரிது. பேருந்து விஷயத்தில் ஒத்துப்போகிறேன்.

மூன்றாம் உரிமம் முடிந்த பின் நடந்ததைச் சேர்த்துவிடுகிறேன். 2023 ஆகஸ்ட் 2 அன்று மேற்குச் சுரங்கம் அரசின் கைக்கு வந்தது. அன்றே கார்ச் சுங்கம் மேற்கில் 75-லிருந்து 60 டாலராகக் குறைந்தது, கிழக்கில் 25-லிருந்தும் நடுவில் 20-லிருந்தும் 30 டாலராக உயர்ந்தது. 24 ஆண்டுகளாக அசையாமல் நின்ற 20 டாலர் அன்று மறைந்தது. சாவடியில் நின்று பணம் கொடுக்கும் முறையும் அந்தக் கோடையில்தான் முடிந்தது. கண்ணாடியில் ஒட்டிய அட்டையைக் கருவி படித்துக்கொள்ளும், நம் ஊர் ஃபாஸ்டேக் போல. ஆனால் தடுப்புக் கம்பமோ சாவடியோ கிடையாது, வண்டி நிற்காமலே செல்லும். அதன் பயன் டிசம்பரில் தெரிந்தது. டிசம்பர் 17 முதல் நேரத்துக்கு ஒரு விலை: காலை மாலை நெரிசல் வேளையில் மேற்கில் 60, மற்ற இரண்டில் 40; இடைப்பட்ட வேளையில் மூன்றிலும் 30; இரவில் மூன்றிலும் 20. ஒரு விலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவாமல் இரண்டு நிமிடத்துக்கு 2 டாலர் வீதம் படிப்படியாக மாறும். இல்லாவிட்டால் விலை குறையும் நொடிக்காகச் சாலையோரம் காத்து நிற்பார்கள். மனிதர்களை நன்கு அறிந்த யாரோ செய்த ஏற்பாடு. டாக்சிக்கு மட்டும் எந்நேரமும் ஒரே 25 டாலர். நீங்கள் கொடுத்த 50 இந்தக் கணக்கில் வந்ததே.

நடுச் சுரங்கம் இல்லாத ஹாங்காங் எப்படி இருக்கும் என்பதையும் ஒரு முறை பார்த்தோம். 2019 நவம்பரில், அரசுக்கு எதிரான போராட்டம் வலுத்தபோது, கவ்லூன் பக்க வாயிலை ஒட்டியுள்ள பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தைச் சுற்றி நடந்த மோதலில் சுங்கச்சாவடிகள் தீக்கிரையாகி, இரண்டு வாரத்துக்குச் சுரங்கம் மூடிக் கிடந்தது. நவம்பர் 27 அதிகாலையில்தான் மீண்டும் திறந்தது. அந்த நாள்களில் மேற்குச் சுரங்கத்தில் வரிசையில் நின்ற நான், 1972-க்கு முன் படகுக்குக் காத்திருந்தவர்களை நினைத்துக்கொண்டேன். வண்டி ஏற்றும் படகு இன்றும் ஒன்று ஓடுகிறது: எரிபொருள், எரிவாயு போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றிய வண்டிகளுக்குச் சுரங்கத்தில் அனுமதி இல்லாததால், அவை கடல் மேலேதான் கடக்கின்றன.

பொருநைக்கரையான்

மிக்க நன்றி. மார்ச்சில் மீண்டும் அங்கே செல்கிறேன். இம்முறை பேருந்திலேயே கடக்கலாம் என்று எண்ணுகிறேன். எந்தப் பேருந்து எந்தச் சுரங்கத்தில் செல்லும் என்பதைப் புதியவர் எப்படி அறிவது?

மறுமொழி: சாலைத்தடம்

எண்ணைப் பார்த்தால் போதும். மூன்று இலக்க எண் ஒன்றில் தொடங்கினால் நடுச் சுரங்கம், ஆறில் தொடங்கினால் கிழக்கு, ஒன்பதில் தொடங்கினால் மேற்கு. 1972-இல் முதன்முதலில் கடந்த 101, 102, 103 இன்றும் ஓடுகின்றன. நீங்கள் தங்கும் இடம் கென்னடி டவுன் பக்கம் என்றால் 104-உம் வரும், 904-உம் வரும். மாலை ஆறு மணிக்கு இரண்டும் ஒருசேர வந்தால் 904-இல் ஏறுங்கள்.